தூக்க மாத்திரையும் விழிப்புணர்வும்

உறக்கம் உயிருக்கு நன்மை செய்வதா, தீமை செய்வதா? கேள்வி எளிதாகத் தோன்றினும், நம் நெறியில் நிற்கும் இல்லறத்தார்க்கு விடை எளிதன்று. எண்வினைகளுள் ஒன்றாகிய தரிசனாவரணீயத்தின் ஒன்பது வகைகளில் ஐந்து வகைகள் உறக்கமே. எளிதில் கலைந்துவிடும் நித்திரை முதலாக, எழுந்து நடந்து செயல் புரிந்தும் அதனைத் தானே அறியாதிருக்கச் செய்யும் ஸ்த்யானகிருத்தி ஈறாக அவை வகுத்து உரைக்கப்பட்டுள்ளன. உயிரின் இயல்பாகிய காட்சியை மறைக்கும் திரை என்றே நம் ஆன்றோர் உறக்கத்தைக் கண்டனர். ஆயினும் உடல் தாங்கிய உயிர் உறங்காது வாழ இயலாது. சில இரவுகள் துயில் கெட்டவர்க்கு மனம் ஒருமைப்படுவதில்லை. சினம் எளிதில் எழுகின்றது. செய்யும் தொழிலில் கவனம் சிதறுகின்றது. ஆகவே அறத்தில் விழித்திருப்பதற்கே அளவான உறக்கம் தேவைப்படுகின்றது.

இவ்வுறக்கம் வாராது தவிப்போர்க்கு மருத்துவர் ஒரு சிறு மாத்திரையைத் தருகின்றார். அதனைச் சார்ந்து இரண்டு கேள்விகள் எழுகின்றன. விழிப்பை மங்கச் செய்யும் பொருளொன்றை விரும்பி உட்கொள்வது அறத்துக்கு மாறாகுமா என்பது ஒன்று. உட்கொண்டு பழகிய பின், ஒரு நோன்பின் பெயரால் அதனை ஒரே நாளில் கைவிடுவது அறமாகுமா என்பது மற்றொன்று. முதற்கேள்வியைப் பலரும் கேட்பதுண்டு. இரண்டாவதைக் கேட்பவர் அரியர். ஆனால் ஆபத்து மிகுதியும் இரண்டாவதில்தான் இருக்கின்றது. மருந்து உடலில் என்ன செய்கின்றது என்பதை அறியாமல் இவ்விரண்டுக்கும் விடை கூறுதல் பொருந்தாது. ஆதலின் அதனை முதலில் காண்போம்.

மருந்தின் வரலாறும் செயலும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தூக்கத்துக்கெனத் தரப்பட்டவை பெரும்பாலும் பார்பிட்டுரேட் இனத்து மருந்துகள். அவற்றில் துயில் தரும் அளவுக்கும் உயிர் போக்கும் அளவுக்கும் இடையே இருந்த இடைவெளி சிறிது. தவறியும் துணிந்தும் மிகையாக உட்கொண்டு இறந்தோர் பலர். இந்நிலையில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹாப்மன்-லா ரோச் நிறுவனத்தில் பணியாற்றிய வேதியியல் அறிஞர் லியோ ஸ்டெர்ன்பாக், பயனில்லை என ஒதுக்கி வைத்திருந்த ஒரு பொருள் 1957-ஆம் ஆண்டு சோதனைக்கு அனுப்பப்பட்டது. அது மனக்கலக்கத்தைத் தணித்துத் தசைகளைத் தளர்த்தும் ஆற்றல் உடையதெனத் தெரிய வந்தது. அதுவே 1960-இல் லிப்ரியம் என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. 1963-இல் டயஸிபாம், வேலியம் என்னும் பெயரில் வந்தது. தூக்கத்துக்கெனவே வழங்கப்பட்ட நைட்ரசிபாம் அதற்குப் பின் வந்தது. இன்று நம் ஊர்களில் மருத்துவர் எழுதித் தரும் அல்பிரசோலம், லோரசிபாம், குளோனசிபாம் ஆகியனவும் இந்த பென்சோடயசெபைன் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

இவை எவ்வாறு துயில் வரச் செய்கின்றன? மூளையின் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று வேதிப்பொருள்களால் பேசிக்கொள்கின்றன. தூண்டுவன சில, அடக்குவன சில. அடக்குவனவற்றுள் தலையாயது காபா என்னும் பொருள். மூளையில் அது இருப்பதை 1950-ஆம் ஆண்டில் அறிஞர் கண்டறிந்தனர். நரம்பணுவின் மேற்புறத்தில் ஐந்து புரத உறுப்புகள் வட்டமாகச் சூழ்ந்து அமைத்த ஒரு வாயில் உண்டு. காபா வந்து பொருந்தும்பொழுது அவ்வாயில் திறக்கின்றது. எதிர்மின்னேற்றமுடைய குளோரைடு அயனிகள் உள்ளே புகுகின்றன. அந்நரம்பணு எளிதில் கிளர்ச்சி கொள்ளாது அமைதியுறுகின்றது.

பென்சோடயசெபைன் தானாக இவ்வாயிலைத் திறப்பதில்லை. காபா பொருந்தும் இடத்தை விடுத்து, அதே வாயிலின் வேறோர் இடத்தில் அது அமர்கின்றது. அங்ஙனம் அமர்ந்து, காபா வரும்பொழுது வாயில் அடிக்கடி திறக்குமாறு துணை செய்கின்றது. அவ்விடம் மூளையில் உண்டென்பது 1977-இல் நிறுவப்பட்டது. கூச்சல் நிறைந்த இல்லத்தில் மெல்லப் பேசும் மூத்தவர் ஒருவர் இருக்கின்றார் என்று கொள்வோம். அவர் குரலை எல்லார் செவிக்கும் எட்டச் செய்வது போன்றது இம்மருந்தின் செயல். அது புதிய சொல் எதனையும் கொண்டு வருவதில்லை. பழைய பார்பிட்டுரேட் மருந்துகளோ வாயிலை நெடுநேரம் திறந்து வைப்பன. அளவு மிகுந்தால் காபாவின் துணையின்றியும் திறப்பன. அதனாலேயே அவை உயிருக்கு உலை வைத்தன. இப்புதிய மருந்து தனியே உட்கொள்ளப்படும்பொழுது அத்துணைக் கொடியதன்று. ஆயினும் மதுவோடும், அபினி வகையைச் சார்ந்த வலி நீக்கி மருந்துகளோடும் சேரின் மூச்சை ஒடுக்கி உயிரையும் போக்கும்.

தருவதும் தராததும்

இம்மாத்திரையை உட்கொண்டவர் விரைவில் உறங்குகின்றார். இடையில் விழிப்பதும் குறைகின்றது. இஃது உண்மையான பயனே. ஆனால் அத்துயில் இயற்கைத் துயிலின் முழு வடிவம் அன்று. மூளை அலைகள் மெதுவாக எழும் ஆழ்ந்த உறக்கம் குறைகின்றது. கனவு காணும் உறக்கமும் ஓரளவு குறைகின்றது. இடைநிலை உறக்கமே மிகுகின்றது.

மருந்தின் ஆட்சி விடியற்காலையோடு முடிவதும் இல்லை. உட்கொண்ட டயஸிபாமின் அளவு குருதியில் பாதியாகக் குறையவே ஒரு நாளோ இரு நாளோ ஆகும். உடலில் அது மாறி உருவாகும் பொருள் அதனினும் நெடிது தங்கும். முதுமையில் இக்காலம் மேலும் நீள்கின்றது. எனவே இரவு உண்ட மாத்திரை மறுநாள் பகலிலும் நடையைத் தள்ளாடச் செய்கின்றது. நள்ளிரவில் எழுந்து கழிவறைக்குச் செல்லும் மூத்தோர் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்ள இதுவும் ஒரு காரணம். மாத்திரை உண்ட பின் பேசியதும் செய்ததும் நினைவில் பதியாது போதலும் உண்டு.

இவற்றினும் பெரிதாகக் கருத வேண்டியது மற்றொன்று. சில வாரங்கள் தொடர்ந்து உட்கொண்டால் மூளை மருந்துக்குப் பழகிவிடுகின்றது. தராசின் ஒரு தட்டில் எடை கூடினால் வணிகர் மறுதட்டிலும் எடை வைத்துச் சமன் செய்வது போல, உடலும் அடக்கும் பக்கத்தின் உணர்ச்சியைக் குறைத்துத் தூண்டும் பக்கத்தை உயர்த்திக்கொள்கின்றது. அப்பொழுது முன்னைய அளவு போதாததாகின்றது. மாத்திரையை நிறுத்திய இரவிலோ, முன்னினும் கொடிய விழிப்பு வந்து சேர்கின்றது. அது மருந்தின் நீக்கத்தால் வந்த விழிப்பு என்பதை அறியாமல், 'நோய் இன்னும் நீங்கவில்லை' என்று எண்ணி மீண்டும் மாத்திரையை நாடுகின்றோம். பத்து நாளைக்கென வந்த மாத்திரை பத்தாண்டு தங்கிவிடுவது இவ்வாறே.

இதனை உணர்ந்தே, இங்கிலாந்தின் மருந்துப் பாதுகாப்புக் குழு 1988-ஆம் ஆண்டிலேயே இம்மருந்துகளை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் தரலாகாது என அறிவுறுத்தியது. 2020-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், சார்பும் விடுகைத் துன்பமும் பற்றிய கடும் எச்சரிக்கையை இக்குடும்பத்து மருந்துகள் அனைத்தின் விவரத் தாள்களிலும் சேர்க்கப் பணித்தது. நம் நாட்டில் அல்பிரசோலம், டயஸிபாம், நைட்ரசிபாம் முதலியவை 2014-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் எச்1 அட்டவணையில் உள்ளன. மருத்துவர் சீட்டின்றி அவற்றை விற்கலாகாது. விற்றதைப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காத்தல் வேண்டும்.

மதுவும் மருந்தும்

இப்பொழுது முதற்கேள்விக்கு வருவோம். மது மூளையில் செயற்படும் இடங்களுள் மேற்கூறிய காபா வாயிலும் ஒன்று. மதுவை முற்றும் விலக்கிய குடும்பத்தார்க்கு இச்செய்தி திகைப்பைத் தரலாம். செயற்படும் வாயில் ஒன்றாயின், ஒன்றை விலக்கி மற்றதை ஏற்பது எங்ஙனம் பொருந்தும்?

பொருளை மட்டும் நோக்குவோர்க்கு இக்கேள்வி தீராது. உட்கொள்பவரின் நிலையை நோக்குவோர்க்குத் தீரும். இம்சைக்கு வேர் பிரமாதம் என்னும் சோர்வே என்பது நம் நெறியின் அடிப்படை. அச்சோர்வை விரும்பி அழைப்பது மது. அதற்கு அளவு கூறுவாரும் இல்லை, முடிவு நாள் குறிப்பாரும் இல்லை. மருந்தோ ஒரு துன்பத்தை நீக்கும் நோக்கத்தோடு, அறிந்தவர் ஒருவர் குறித்த அளவில், குறித்த நாள்வரை உட்கொள்ளப்படுவது. அறுவை மருத்துவம் முடிந்து வலியால் துடிப்பவர்க்கும், இல்லத்தில் இறப்பு நேர்ந்து பல இரவுகளாகக் கண் மூடாதவர்க்கும் சில நாள் இம்மாத்திரை துணை செய்யுமாயின், அதனைக் குற்றம் என்று கூறுதல் இரக்கமற்ற செயலாகும்.

ஆனால் இவ்விளக்கத்துக்கு மறுபக்கமும் உண்டு. நோக்கம், அளவு, முடிவு நாள் என்னும் மூன்றும் சேர்ந்தே ஒரு பொருளை மருந்தாக்குகின்றன. அவை நீங்கியபின், பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கி உண்பது மருந்துண்பது ஆகாது. கவலையோடு அமர்ந்து சிந்திக்க விரும்பாமல் அதனை மாத்திரையால் மூடிவிட நினைப்பவர், பெயர் வேறாயினும் மதுவை நாடுபவரின் வழியில் செல்கின்றார். தமக்குத் தந்த மாத்திரையை 'எனக்கு நன்றாக வேலை செய்தது' என்று அண்டை வீட்டாருக்குக் கொடுப்பதும் உதவி அன்று. அவர் நோயையும் அவர் உண்ணும் பிற மருந்துகளையும் அறியாது செய்யும் ஊறு.

உடற்சார்பையும் பற்றையும் ஒன்றாகக் கருதுவதும் தவறு. பல்லாண்டு மாத்திரை உண்ட மூதாட்டியின் உடல் அதனைச் சார்ந்து நிற்பது, மேற்கூறிய தராசின் செயல். அவர் ஒழுக்கத்தின் குறைபாடு அன்று. 'மாத்திரைக்கு அடிமையாகிவிட்டாய்' என்று பேரப்பிள்ளைகள் கூறும் சொல்லும் ஊறு விளைப்பதே. மருத்துவர் சொன்னபடி உண்டவர் அவர். நிறுத்தும் நாளை அவருக்கு எவரும் சொல்லவில்லை.

எவருடைய உறக்கத்துக்காக?

இங்கே நம் இல்லங்களில் ஆராயப்படாத ஒன்றைக் கூற வேண்டும். மறதி நோயுற்ற முதியவர் இரவில் எழுந்து உலவுகின்றார், உரக்க அழைக்கின்றார், மகனும் மருமகளும் விடியலில் பணிக்குச் செல்ல வேண்டியவர்கள். மருத்துவரிடம் சென்று, 'அப்பாவுக்குத் தூக்கமே இல்லை, ஏதாவது எழுதிக் கொடுங்கள்' என்கின்றனர். துயில் வேண்டுவது உண்மையில் தந்தைக்கா, தமக்கா?

பணிவிடை செய்வோரின் சோர்வு பொய்யன்று. அதனை எள்ளி நகையாடல் ஆகாது. ஆயினும் ஒருவர் உறங்குவதற்காக மற்றொருவர் விழிப்பை மங்கச் செய்வது, அம்மற்றவர் பேச இயலாதவராக இருக்கும்பொழுது, மிகுந்த எச்சரிக்கை வேண்டும் செயல். முதியோர்க்கு இம்மருந்துகளை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்று முதியோர் மருத்துவ வல்லுநர் கூறுவது, விழுதல், மனக்குழப்பம் ஆகியவற்றை அஞ்சியே. அவர் விழிப்பதற்கு வலியோ, சிறுநீர்த் தொல்லையோ, பகலெல்லாம் சாய்வு நாற்காலியில் உறங்கியதோ காரணமாக இருக்கலாம். அதனைக் கேட்டறிவது முதற்கடமை. இரவுப் பணியை உடன்பிறந்தோர் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது இரண்டாவது. இவையெல்லாம் செய்தும் தேவைப்படுமாயின், மருத்துவர் குறித்த சிறிய அளவில், சிறிது காலம் கொடுப்பதில் பழியில்லை. கேளாமல் கொடுப்பதே பழி.

சக்திக்கேற்ற துறவு

இனி இரண்டாவது கேள்வி. தசலட்சண நோன்பு நாட்களில், அல்லது முனிவர் ஒருவரின் அறவுரை கேட்ட எழுச்சியில், 'இன்று முதல் மாத்திரையைத் தொடேன்' என்று உறுதி கொள்பவர் நம்மிடையே இருக்கலாம். அவர் உள்ளம் போற்றத்தக்கது. ஆனால் அவ்வுறுதியின் விளைவை அவர் அறிந்திருக்க வேண்டும்.

நெடுநாள் உண்ட பென்சோடயசெபைனைத் திடீரென நிறுத்தினால், தராசின் ஒரு தட்டில் இருந்த எடை நீங்க, மறுதட்டு சடாரென இறங்குகின்றது. படபடப்பு, வியர்வை, கைநடுக்கம், ஒலியும் ஒளியும் பொறாமை ஆகியவை தோன்றும். கடுமையான நிலையில் மனக்குழப்பமும் வலிப்பும் வரும். வலிப்பால் உயிருக்கே இறுதி நேர்வதும் உண்டு. லோரசிபாம், அல்பிரசோலம் போன்று விரைவில் நீங்கும் மருந்தாயின் ஓரிரு நாளில் இத்துன்பம் தொடங்கும். டயஸிபாம் போன்று மெல்ல நீங்குவதாயின் ஒரு வாரமோ அதற்கு மேலோ கழித்தும் வரும். நோன்பிருக்கும் ஒருவர்க்கு நான்காம் நாள் கை நடுங்கினால், உடனிருப்போர் பட்டினியின் தளர்ச்சி என்றே கருதுவர். மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நேரம் அவ்வாறே கழிந்துவிடும்.

இரவில் உண்ணாமை காப்போர்க்கு மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. நோன்பு கெடாதிருக்க வேண்டுமென்று மாலை ஆறு மணிக்கே மாத்திரையை விழுங்குவோமாயின், ஏழு மணிக்கே கண் செருகும்; விளக்கேற்றி வீட்டில் நடமாடும் நேரத்தில் கால் தடுமாறும்; விரைவில் நீங்கும் மருந்தாயின் நள்ளிரவுக்குப் பின் விழிப்பும் வந்துவிடும். நம் வழக்கத்தை மருத்துவரிடம் மறையாது கூறினால், அதற்கேற்ற மருந்தையும் நேரத்தையும், அன்றி மருந்தில்லா வழியையும் அவர் ஆராய்வார். கூறாது நாமே மாற்றிக்கொள்வது தகாது.

தீர்த்தங்கர நிலைக்குக் காரணமாகக் கூறப்படும் பதினாறு பாவனைகளுள் சக்திக்கேற்ற தியாகமும், சக்திக்கேற்ற தவமும் இடம் பெற்றுள்ளன. தியாகம் என்று மட்டும் கூறாது, சக்திக்கேற்ப என்று ஆன்றோர் அடைகொடுத்தது ஏன்? ஆற்றலை மறைத்துச் சோம்புதலும் குற்றம். ஆற்றலை மீறி உடலை அழித்தலும் குற்றம் என்பதனாலன்றோ? இல்லறத்தார்க்கு வகுத்த பிரதிமைகள் பதினொன்றும் படிகளே. முதற்படியில் நிற்பவரைப் பதினோராம் படிக்குத் தாவுமாறு எந்த ஆசிரியரும் கூறவில்லை. மாத்திரையை விடுதலுக்கும் இம்முறையே பொருந்தும்.

இங்கிலாந்தின் நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை இம்மருந்துகளை விட விரும்புவோர்க்கென மருத்துவமனை நடத்திய பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன், நோயாளியின் உடல் இசையும் விரைவிலேயே அளவைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். 2025-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் பல கூடி வெளியிட்ட வழிகாட்டியும் இதனையே கூறுகின்றது. தொடக்கத்தில் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 விழுக்காடு குறைக்கலாம் என்பதும், எவ்வாறாயினும் இரண்டு வாரத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் குறைத்தல் ஆகாது என்பதும் அதன் அறிவுரை. பல்லாண்டு உண்டவர்க்கு விடுதல் ஓராண்டும் ஆகலாம். இஃது எவரும் தாமே செய்துகொள்ளத்தக்கது அன்று. மருத்துவர் மேற்பார்வை இன்றியமையாதது. ஓராண்டு பொறுமையோடு குறைத்து வருபவர் செய்வதே தவம். ஒரே இரவில் தூக்கி எறிபவர் செய்வது துணிவு மட்டுமே.

மாத்திரையின் இடத்தில் வைக்க வேறொன்றும் வேண்டும். நெடுநாள் துயிலின்மைக்கு முதலில் தர வேண்டியது மருந்தன்று, நடத்தைப் பயிற்சியே என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. அதன் விதிகள் எளியவை. நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதல்; துயில் வந்தாலன்றிப் படுக்கைக்குச் செல்லாமை; ஏறத்தாழ இருபது நிமிடம் கழித்தும் துயில் வாராவிடின் எழுந்து வேறிடத்தில் அமைதியாக அமர்ந்து, துயில் வரும்பொழுது மீளுதல்; மணிக்கூண்டை நோக்காமை; படுக்கையில் கிடக்கும் மொத்த நேரத்தைச் சுருக்குதல். பிற்பகல் காப்பியையும் நிறுத்தல் நலம். அதன் காபின் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் அளவில் ஆகும். முதற் சில வாரங்கள் இப்பயிற்சி கடினமாகவே இருக்கும். எழுந்து அமரும் அந்நேரத்தில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை மெல்ல ஓதலாம். ஆயினும் சாமாயிகத்தையும் மந்திரத்தையும் தூக்க மருந்தாகக் கருதி, 'ஓதியும் துயில் வரவில்லையே' என்று நோதல் வேண்டா. அவற்றின் பயன் வேறு.

ஆகவே, தூக்க மாத்திரை உண்பவரைப் பழித்தலும் அறமன்று. அதனை எறிந்தவரை உடனே புகழ்தலும் அறமன்று. ஏன் உண்கின்றோம், எத்தனை நாள் உண்போம், எவ்வாறு விடுவோம் என்பவற்றை அறிந்து நடத்தலே விழிப்பு. நம் இல்லத்து மூத்தோரின் மருந்துப் பெட்டியை இவ்வாரமே ஒருமுறை அவர்களோடு அமர்ந்து பார்ப்போம். அதில் இம்மாத்திரை இருப்பின் நிறுத்தச் சொல்ல வேண்டா; மறைக்கவும் வேண்டா; எந்நாள் முதல் உண்கின்றார் என்று கேட்டறிந்து, அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோமாக.